எது குறைகிறது என்று பார்த்தவர் – விஞ்ஞானி லீபிக்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஆளுக்கு ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுத வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொன்னாங்க. நியூட்டன், எடிசன், மேரி கியூரி எல்லாம் மற்றவங்களுக்குப் போயிட்டாங்க. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு டீச்சர் ஒரு பேரைக் கொடுத்தாங்க. ஜஸ்டஸ் வான் லீபிக். எனக்கு முகம் வாடிப்போச்சு. யாருக்குமே தெரியாத பேராக இருக்கே என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நம்ம அறிவியல் அறை பீரோவிலேயே அவர் பேர் இருக்கு. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்த மாதிரி ஒரு கருவி இருக்கே, ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்குமே, அதற்குப் பெயர் லீபிக் கண்டன்சர். அதைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. அவருக்கு முன்னாடியே அது இருந்தது. எல்லா ஆய்வகத்துக்கும் அதைப் பரப்பியவர் அவர். அதனால் அவர் பேரே நிலைத்துவிட்டது.

லீபிக் 1803ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கடைக்காரர். பெயிண்ட், வார்னிஷ், எண்ணெய் எல்லாம் தானே தயாரித்து விற்பார். சின்னப் பையனாக இருந்த லீபிக் அந்தப் பட்டறையில்தான் முதல் வேதியியலைக் கற்றார். ஊரில் இருந்த அரண்மனை நூலகத்திலிருந்து வேதியியல் புத்தகங்களை எடுத்து வந்து, அதில் இருக்கிற சோதனைகளை ஒவ்வொன்றாக வீட்டில் செய்து பார்ப்பார். சந்தையில் ஒரு வியாபாரி தட்டினால் வெடிக்கும் பொம்மை வெடி செய்வதைப் பார்த்துவிட்டு, அதையும் தானே செய்யக் கற்றுக்கொண்டார்.

ஆனா பள்ளிக்கூடத்தில் அவர் மக்கு மாணவன் என்று பேர் வாங்கியவர். மனப்பாடம் வராது. பெரியவன் ஆனதும் என்ன ஆகப் போகிறாய் என்று ஆசிரியர் கேட்டதற்கு, வேதியியலாளர் ஆவேன் என்று சொன்னாராம். வகுப்பே சிரித்ததாம். அப்போது வேதியியலை ஒரு படிப்பாகவே யாரும் நினைக்கவில்லை. 14 வயதில், அதாவது என் வயதில், படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டார். ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பழகப் போனார். அங்கேயும் சில மாதம்தான். மாடியில் வெடிச் சோதனை செய்து கூரையையே பெயர்த்ததால் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அப்பாவால் பணம் கட்ட முடியாததுதான் காரணம் என்றும் சொல்கிறார்கள்.

இதற்குக் கொஞ்சம் முன்னாடி இன்னொன்று நடந்தது. 1815ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அதன் தூசி வானமெல்லாம் பரவி, 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. குளிரும் மழையுமாகப் பயிர் அழிந்து, ஜெர்மனியிலும் பஞ்சம் வந்தது. அப்போது லீபிக்குக்கு 13 வயது. பயிர் விளையாவிட்டால் மனுஷன் கதி என்ன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தார்.

பள்ளியை முடிக்காத அந்தப் பையனுக்கு எப்படியோ கல்லூரிக் கதவு திறந்தது. 1820இல் பான் நகரத்தில் காஸ்ட்னர் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து, பிறகு அவரோடு எர்லாங்கன் போனார். அந்த நாட்டு அரசர் உதவித்தொகை கொடுத்ததால் 1822இல் பாரிஸுக்குப் போனார். அங்கே கே-லுசாக் என்ற பெரிய விஞ்ஞானியின் சொந்த ஆய்வகத்திலேயே வேலை செய்யும் பாக்கியம் கிடைத்தது. ஹம்போல்ட் என்ற அறிஞர் இவர் திறமையைப் பார்த்துச் சிபாரிசு செய்ய, 1824இல் கீசன் என்ற சின்ன ஊரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். வயது 21தான்! வகுப்பில் சிரித்தவர்கள் அப்போது என்ன நினைத்திருப்பார்கள்?

கீசனில் அவருக்குக் கிடைத்த இடம் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன ஒரு காவல் கட்டடம். அதில்தான் ஆய்வகம் வைத்தார். அதுவரை பேராசிரியர் சோதனை செய்வார், மாணவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். லீபிக் அதை மாற்றினார். ஒவ்வொரு மாணவனும் தன் கையால் சோதனை செய்யணும், தானே கண்டுபிடிக்கணும் என்றார். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அந்தச் சின்ன ஊரைத் தேடி வந்தார்கள். இன்றைக்கு நாம் பிராக்டிகல் வகுப்பு என்று சந்தோஷமாகப் போகிறோமே, அதற்கு வழி காட்டியது அந்தக் காவல் கட்டடம்தான். ஒரே ஒரு வருத்தம். அந்தக் காலத்தில் ஜெர்மனிப் பல்கலைக்கழகங்களில் பெண்களைச் சேர்ப்பதில்லை. நான் அப்போது பிறந்திருந்தால் வாசலில்தான் நின்றிருப்பேன்.

1831இல் அவர் ஐந்து கண்ணாடிக் குமிழ் கொண்ட ஒரு கருவி செய்தார். ஒரு பொருளை எரித்தால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்பதை அது பிடித்து வைக்கும். எடை போட்டால் அந்தப் பொருளில் எவ்வளவு கார்பன் இருந்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் அந்தக் கருவியின் படம் இருக்கிறது.

லீபிக்குக்கு ஒரு குணம் உண்டு. சட்டென்று கோபம் வரும், பேனாவை எடுத்துச் சண்டை போடுவார். வோலர் என்ற விஞ்ஞானி ஒரு வெள்ளி உப்பைச் சோதித்துச் சொன்ன அளவு, இவருடைய வெடிக்கும் உப்பின் அளவோடு அப்படியே ஒத்துப்போனது. ஒன்று வெடிக்கிறது, ஒன்று வெடிக்கவில்லை, அளவு எப்படி ஒன்றாக இருக்கும்? வோலர்தான் தப்பு என்று முதலில் லீபிக் எழுதினார். பிறகு தானே திரும்பச் சோதித்துப் பார்த்து, வோலர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். ஒரே அணுக்கள் வேறு வேறு மாதிரி அடுக்கி இருந்தால் வேறு வேறு பொருள் ஆகும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. சண்டையில் தொடங்கிய அவர்கள் சாகும் வரை நண்பர்களாக இருந்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

செடி எதைச் சாப்பிட்டு வளருது? மண்ணில் இருக்கும் மக்கைத்தான் செடி தின்னுது என்று அந்தக் காலத்தில் நிறையப் பேர் நம்பினார்கள். 1840இல் லீபிக் வேளாண்மையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். செடி தனக்கு வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கிறது. பொட்டாசியம், பாஸ்பரஸ், சுண்ணாம்பு போன்ற தாதுக்களை மண்ணிலிருந்து எடுக்கிறது என்று அதில் விளக்கினார். செடியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பல் இருக்கே, அதுதான் மண் கொடுத்த பங்கு. அறுவடை செய்து எடுத்துப் போன பங்கைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நிலம் ஒருநாள் வெறுமையாகிவிடும் என்றார். (மக்கு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மண் பொலபொலவென்று இருக்கவும், நுண்ணுயிர் வாழவும், ஈரம் நிற்கவும் மக்கு கட்டாயம் வேணும்.)

அதோடு ஒரு விதியைச் சொன்னார். குறைந்தபட்ச விதி. செடிக்குப் பத்துச் சத்து வேணும்னு வைத்துக்கொள்வோம். ஒன்பது தாராளமாக இருக்கு, ஒன்று மட்டும் குறைவு. அப்போது செடி வளர்வது அந்தக் குறைந்த ஒன்றின் அளவுக்குத்தான். மற்ற ஒன்பதை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயன் இல்லை. உயரம் குறைந்த ஒரு பலகை உள்ள மரப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றினால், அந்தக் குட்டைப் பலகை வரைக்கும்தான் நிற்கும், மீதி வழிந்துவிடும். இந்தப் பீப்பாய்ப் படம் லீபிக் வரைந்தது இல்லை, பின்னாடி வந்தவர்கள் வரைந்தது. இந்த விதியையும் அவருக்கு முன்னாடி 1828இலேயே கார்ல் ஷ்ப்ரெங்கல் என்பவர் எழுதிவிட்டார். உலகம் முழுக்கப் பரப்பியது லீபிக். அதனால் இன்றைக்கு இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு.

விதியைச் சொன்னவர் உரத்தையும் தயாரித்தார். 1845இல் அவர் முறைப்படி இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் உரம் செய்து விற்றார்கள். உலகப் புகழ் விஞ்ஞானியின் உரம் என்று விவசாயிகள் ஆசையாக வாங்கிப் போட்டார்கள். பயிர் தேறவே இல்லை!

காரணம் இரண்டு. மழை பெய்தால் சத்து கரைந்து ஓடிவிடுமே என்று பயந்து, அவர் உரத்தை உருக்கிக் கரையாத மாதிரி செய்துவிட்டார். கரையாத சத்தை வேர் எப்படி உறிஞ்சும்? இன்னொன்று, நைட்ரஜன் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் போதுமான அளவு கிடைத்துவிடும் என்று நினைத்து அதைச் சேர்க்கவில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் வயலில் சோதனை செய்துவந்த லாஸ், கில்பர்ட் இருவரும், கோதுமைக்கு நைட்ரஜன் உரமும் போட்டால்தான் விளைகிறது என்று காட்டினார்கள். எது குறைகிறது என்று பார்க்கச் சொன்னவரே, தன் உரத்தில் எது குறைகிறது என்று பார்க்கத் தவறிவிட்டார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு திக்கென்றது. டீச்சர் ஏன் எனக்கு இந்தப் பேரைக் கொடுத்தாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

நம்ம அறிவியல் அறை மீன் தொட்டி உங்களுக்குத் தெரியும். ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். கூழாங்கல் போக 50 லிட்டர் தண்ணி பிடிக்கும். நாலு தங்கமீன் இருந்துச்சு. கண்மாயிலிருந்து ஹைட்ரில்லா கொண்டுவந்து நட்டிருந்தோம். கொஞ்ச நாளில் அடி இலை எல்லாம் மஞ்சளாகி ஓரம் கருக ஆரம்பிச்சுது. கண்ணாடியில் பச்சைப் பாசி படிஞ்சுது. தேய்ச்சுக் கழுவினா ஒரு வாரத்தில் திரும்ப வந்துரும். அதுக்கப்புறம் ஒரு திங்கட்கிழமை பார்த்தா நாலு மீனும் செத்து மிதந்துச்சு. தண்ணியில் மூக்கைத் துளைக்கிற நாத்தம். யாரு என்ன போட்டீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. யாரும் பேசலை.

போட்டது நான்தான்.

எங்க வீட்டில் நெல்லு மஞ்சளாயிட்டா அப்பா யூரியா போடுவார், பச்சை திரும்பிரும். அதையே நினைச்சு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து ரெண்டு ஸ்பூன் யூரியாவைத் தொட்டியில் போட்டேன். நல்லது செய்றதாத்தான் நினைச்சேன். யூரியா தண்ணியில் அம்மோனியாவா மாறும், அது மீனுக்கு விஷம் என்று எனக்குத் தெரியாது. லீபிக் உரம் கரையாமல் கெட்டுது. என் உரம் கரைஞ்சு கெடுத்துது. செடியும் பாதி அழுகிப்போச்சு. அடுத்த வாரம் தண்ணியே பச்சையா மாறிடுச்சு.

லீபிக் என்ன செய்தார்? முதலில் விவசாயிகள் மேல் கோபப்பட்டார். நைட்ரஜன் விஷயத்தில் ரொம்ப வருஷம் பிடிவாதமாகச் சண்டை போட்டார். ஆனால் கரையாத உரம் செய்தது தன் தப்புதான் என்று பிற்காலத்தில் தன் புத்தகத்திலேயே எழுதினார். மண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி இயற்கையாகவே இருப்பதை மற்றவர்கள் கண்டுபிடித்த பிறகு, இயற்கையைத் திருத்தப் போன தன் அகங்காரத்தை அவரே மறைக்காமல் சொன்னார். உலகமே மதிக்கிற ஒருத்தர் அச்சுப் போட்ட புத்தகத்தில் சொல்லியிருக்கார். நான் டீச்சர்கிட்ட ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்னு சொன்னேன். அழுதுட்டேன். டீச்சர் திட்டலை. செத்த மீன் திரும்ப வராது, அந்தத் தொட்டிக்கு எது குறையுதுன்னு நீயே கண்டுபிடின்னு சொன்னாங்க.

முதல்ல மூணு நாள், தினம் பாதித் தண்ணியை மாத்தினோம். நாத்தம் போச்சு. ஆனா புதுசா நட்ட ஹைட்ரில்லாவும் பத்து நாளில் அதே மாதிரி மஞ்சளாச்சு. ஒரு தண்டை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாகிட்ட காட்டினேன். யூரியா கதையையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் இலையைத் திருப்பிப் பார்த்துட்டு, கொழுந்து நல்லா இருந்து அடி இலை ஓரம் கருகினா பொட்டாஷ் பத்தலைன்னு அர்த்தம், நெல்லிலும் வாழையிலும் அப்படித்தான் காட்டும் என்றார். பத்தாங்கிளாஸ் தாண்டாத எங்க அப்பாவுக்கு லீபிக் பேரு தெரியாது. விதி தெரிஞ்சிருக்கு.

சொன்னதை அப்படியே நம்பாமல் சோதிச்சுப் பார்க்கணும்னு டீச்சர் சொன்னாங்க. ரெண்டு பெரிய கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணியையே ஆளுக்கு 2 லிட்டர் ஊத்தி, ஒரே அளவு ஹைட்ரில்லா போட்டோம். 1 கிராம் பொட்டாசியம் சல்பேட்டை 1 லிட்டர் தண்ணியில் கரைச்சு, அதிலிருந்து 40 மில்லி மட்டும் ஒரு ஜாடியில் ஊத்தினோம். இன்னொண்ணில் ஒண்ணும் ஊத்தலை. ரெண்டையும் ஒரே ஜன்னலில் வச்சோம். மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா, பொட்டாசியம் ஊத்தின ஜாடியில் புதுக் கிளை விட்டிருந்துச்சு, கண்ணாடி தெளிவா இருந்துச்சு. ஊத்தாத ஜாடியில் அடி இலை உதிர்ந்து, கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம்!

ஏன் இப்படி? பொட்டாசியம் இல்லாததால் செடி நின்னுபோச்சு. செடி தின்னாமல் விட்ட மற்றச் சத்தும் வெளிச்சமும் அப்படியே மிச்சம் இருக்கு. பாசி ரொம்பச் சின்ன உயிர், அதுக்குக் கொஞ்சம் போதும். மிச்சத்தைத் தின்னு பெருகிடுது. குறைஞ்ச ஒண்ணைக் கொடுத்தா செடி எழுந்து எல்லாச் சத்தையும் தானே எடுத்துக்குது, பாசிக்கு மிச்சம் இருக்கிறதில்லை. பாசியைத் தேய்ச்சுக் கழுவினது தப்பில்லை, ஆனா காரணம் செடியில் இருந்துச்சு.

பிறகு பெரிய தொட்டியில் முதல் தடவை 1 கிராம் பொட்டாசியம் சல்பேட் போட்டோம். அதுக்கப்புறம் வாராவாரம் பாதித் தண்ணியை மாத்தி அரை கிராம். வெயில் நேரா விழுற பக்கம் பிரவுன் தாள் ஒட்டினோம். ஆறு வாரத்தில் தண்ணி தெளிஞ்சு, பின் பக்கச் சுவரில் எழுதினதைத் தொட்டி வழியா வாசிக்க முடிஞ்சுது. தொட்டியில் மூணு மாற்றத்தையும் ஒண்ணா செஞ்சதால், எல்லாம் பொட்டாசியத்தால்தான்னு சொல்லக் கூடாது என்று டீச்சர் சொன்னாங்க. ஜாடிதான் சாட்சி, தொட்டி சாட்சி இல்லையாம்.

மிச்சம் இருக்கிற பாசிக்குக் கண்மாய் நத்தை நாலு விட்டிருக்கோம். இதுவும் பழைய வழிதான். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் ரெண்டு தங்கமீனும் ஒரு நீர்ச்செடியும் வைத்துத் தொட்டி அமைத்தார். அழுகின இலையால் கண்ணாடியில் பாசி பிடிக்க, நத்தை விட்டுச் சரிசெய்து, 1850இல் அதை எழுதி வெளியிட்டார்.

லீபிக்கின் மீதிக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். 1845இல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. 1852இல் மியூனிக் நகரத்துக்குப் போனார். பாதரச ஆவியில் தொழிலாளர்கள் நோயாளி ஆகாமல் வெள்ளி பூசிக் கண்ணாடி செய்யும் வழி கண்டார். நகரத்துக் கழிவை ஆற்றில் விடாமல் வயலுக்கே திருப்பிக் கொடுக்கணும் என்று கடைசி வரை வற்புறுத்தினார். 1873ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, தன் 69ஆம் வயதில் மறைந்தார். கீசன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய ஆய்வகம் அருங்காட்சியகமாக இருக்கிறது.

தோழர்களே! ஒன்று வளரவில்லை என்றால் கையில் இருப்பதை அள்ளிக் கொட்டாதீர்கள். எது குறைகிறது என்று முதலில் பாருங்கள். தப்பு செய்துவிட்டால் மறைக்காதீர்கள். லீபிக்கிடம் நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டும்தான்.

பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த காசில் ரெண்டு தங்கமீன் வாங்கி விட்டிருக்கேன். மீதி ரெண்டும் சீக்கிரம் வாங்கி விடுவேன். அதுவரைக்கும் யாரும் தொட்டியில் எதுவும் போடாதீங்க. போடணும்னு தோணினா, முதல்ல எங்கிட்ட கேளுங்க.



– ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி